மலைச்சரிவில் சிமெண்ட் சிலைத் தோட்டம்: ஓர் ஆந்தையிலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கீழே 12 சென்ட் சரிவு நிலம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான், ஓவியக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. இன்று அந்தச் சரிவில் 26 சிமெண்ட் உருவங்கள் நிற்கின்றன. கணக்குப்படி 27 இருக்க வேண்டும். நான் செய்த முதல் சிலை இப்போது நிற்கவில்லை.

அது கொழுந்து பறிக்கும் பெண், ஆறடி உயரம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று சரிவின் விளிம்பில் நிறுத்தினேன். முகம் நன்றாக வந்திருந்தது, முதுகுக் கூடையின் பின்னல்கூடத் தெரிந்தது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அம்மாள் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடக்கிறாள். சிலையில் ஒரு விரிசல் இல்லை. பீடம் பெயர்ந்து, அடியில் இருந்த மண்ணோடு வழுக்கிப் போயிருந்தது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிலை செய்யும் விதத்தைப் பிறகுதான் சொல்வேன். முதலில் மண்ணும் தண்ணீரும். சமவெளியில் இதை எழுதினால் இந்த வரிசை மாறியிருக்கும்.

கடப்பாரையோடு ஒரு நடை

மலையில் சமமாகத் தெரிகிற இடமெல்லாம் யாரோ ஒரு காலத்தில் வெட்டிச் சமப்படுத்தியது. மேட்டுப் பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரவியிருப்பார்கள். ஆக, ஒரு படியில் உள்பாதி வெட்டு மண், வெளிப்பாதி கொட்டின மண். என் கொழுந்துக்காரி நின்றது கொட்டின மண்ணில்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கடப்பாரையை இடுப்பு உயரத்திலிருந்து செங்குத்தாக விடுங்கள். வெட்டு மண்ணில் நாலு விரல்கடை இறங்கி நிற்கும். கொட்டின மண்ணில் முழம் போகும். மழை விட்ட மறுநாள் இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கனமான எதையும் உள்பாதியில் வையுங்கள். விளிம்பில்தான் அழகு என்று மனசு அடம்பிடித்தால் அங்கே ஒரு செடியை நடுங்கள்.

அடுத்தது தண்ணீர். நல்ல மழை பெய்யும்போது குடையோடு நிலத்தில் நின்று, தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். சுண்ணாம்புப் பொடியால் குறி வைக்க முடியாது, கரைந்துவிடும். குச்சி நட்டு வாருங்கள். அந்தக் குச்சி வரிசையில் ஒரு பீடமும் வரக்கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து உயிர்கள் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடும் நீரை மறித்தால் அது வேறு வழி தேடும், அந்த வழி பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் வழியாக இருக்கலாம்.

நிலம் உங்கள் பெயரில் இருக்கட்டும். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், 1950களின் கடைசியில் அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைசல்களைக் கொண்டு உருவங்கள் செய்யத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது வெளியே தெரிந்தபோது, இடித்துவிடாமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்கு அமைந்த அதிர்ஷ்டத்தை நம்பி நீங்கள் புறம்போக்கில் இறங்க வேண்டாம். இன்னொன்று, இங்கே ஜேசிபி வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மண்வெட்டியால் முடிகிற அளவுக்கு மட்டும் திட்டமிடுங்கள். தடுப்புச் சுவர், கொட்டகை என்று வேலை வளர்ந்தால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எந்த மாதம்

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் வடகிழக்குதான் கனம். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதம்தான் கையில் நிற்கும்.

உறைபனியைப் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து கெட்டியாகிறது. குளிர் கூடக் கூட அந்த வினை மந்தமாகும், உறைநிலைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். ஈரச் சாந்துக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். பூசிய அன்றிரவே இது நடந்தால் காலையில் கை வைத்ததும் மேல்தோல் புட்டு மாதிரி உதிரும். புல்லில் வெள்ளை படியும் காலங்களில் சாந்து பூசும் கரணையைத் தொடாதீர்கள். கம்பி வளைக்கலாம், படம் போடலாம்.

சாமான்கள்

சிமெண்டை மூட்டைக் கணக்கில் வாங்கிச் சேர்க்காதீர்கள். மலை ஈரத்துக்கு, பிரிக்காத மூட்டைகூட ஓரிரண்டு மாதத்தில் கட்டி தட்டிவிடும். ஒன்றே ஒன்று வாங்குங்கள், பலகை மேல் வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பிரித்ததும் கையை உள்ளே விடுங்கள். குளுகுளுவென்று மாவு மாதிரி இருந்தால் சரி. விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அது பாதை போடத்தான் லாயக்கு.

மணல் கீழேயிருந்து லாரி ஏறி வருகிறது, விலையும் அதற்கேற்ப ஏறும். ஹார்டுவேர் கடைகளில் சாக்குக் கணக்கில் கிடைக்கும். பீடத்துக்குக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட், உருவத்துக்கு அதிலேயே பூச்சுக்கென்று நைசாக வரும் பி-சாண்ட். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் மாவு மாதிரி படிகிற அடுக்கு பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணல் வேண்டாம், விரிசல் விடும்.

கம்பியில் 8 எம்எம், 6 எம்எம் இரண்டும் போதும். கூடவே அரை அங்குலக் கண் கோழிவலை, கட்டுக்கம்பி, கொறடு, கரணை, பாண்டுச் சட்டி, சல்லடை. ரப்பர் கையுறை கட்டாயம். சாந்து கடுமையான காரம். சுடுவது அப்போது தெரியாது, ராத்திரி விரல் நுனிகள் வெடித்திருக்கும். நான் முதல் வருடம் கையுறை இல்லாமல்தான் செய்தேன், தொழிற்சாலை கிரீஸ் பார்த்த கைக்கு என்ன ஆகும் என்ற திமிர். தூள் சிமெண்டைக் கொட்டும்போது முகக்கவசமும் போடுங்கள்.

முதல் உருவம்

ஆந்தை செய்யுங்கள். கழுத்து கிடையாது, கால் தெரியத் தேவையில்லை, கை நீட்டாது. உடையக்கூடியது எதுவுமே இல்லாத வடிவம். தென்னாப்பிரிக்காவில் நியூ பெதஸ்டா என்ற சின்ன ஊரில் ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற பெண்மணி தன் வீட்டு முற்றம் முழுக்க சிமெண்ட் உருவங்களாக நிரப்பினார். ஆந்தைகள் அதில் அதிகம், அந்த வீட்டுக்கே ஆந்தை வீடு என்று பெயர்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. மேல்வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வேற பறவையே கிடைக்கலயா உனக்கு? வாசல்ல கோட்டானைக் கொண்டாந்து வைக்கிறே?" என்றார். "எலி பிடிக்கும் பாட்டி," என்றேன். "சிமிட்டி ஆந்தை எலி பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அதே உடம்புக்குக் காது மாற்றி உட்கார்ந்த பூனையாக்கிக் கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

ஒன்றரை அடி ஆந்தைக்கு 6 கிலோ சிமெண்ட் போதும். சாந்துக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், அளவு சட்டிக் கணக்கில்.

முதல் நாள், உள்ளுடம்பு. உடைந்த செங்கற்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அகலமான ஒரு பலகைக் கல் மேல் சாந்து வைத்து அடுக்குங்கள். பானையைக் கவிழ்த்தது போல ஒரு உருவம் வர வேண்டும், நீங்கள் நினைத்திருக்கும் ஆந்தையைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் சிறியதாக. நம் கோபுரங்களில் நிற்கிற சுதைச் சிற்பங்களுக்கும் உள்ளே செங்கல்தான், மேலேதான் சுதை. செங்கல்லை ஊறவைக்காவிட்டால் அது சாந்திலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பொரபொரத்துப் போகும்.

இரண்டாம் நாள், வலை. கோழிவலையை உள்ளுடம்பின் மேல் இறுக்கச் சுற்றிக் கட்டுக்கம்பியால் தையுங்கள். கண்ணோடு கண் பொருந்தாமல் விலகி வரும்படி இன்னொரு சுற்று. வலையின் வெட்டு முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தால் போதும், அடுத்த வருடம் அந்த இடத்தில் துருக்கறை கண்ணீர் மாதிரி வழியும்.

கலவையின் பதம்தான் எல்லாம். தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரு பிடி அள்ளி கொழுக்கட்டை மாதிரி பிடித்தால் விரல் அச்சு அப்படியே நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. தளர்வாக இருந்தால் பூச வசதியாக இருக்கும், ஆனால் வழியும், காய்ந்ததும் விரியும். முக்கால் மணி நேரத்தில் முடிகிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் தெளித்து எழுப்பாதீர்கள், அது எழுந்த மாதிரி நடிக்கும்.

முதல் பூச்சு அரை அங்குலம். வலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் தொடும்படி கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுங்கள். தடவுவது வேலைக்காகாது. மேற்பரப்பை ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு ஈரச்சாக்கு போர்த்துங்கள்.

மறுநாள் சாக்கை எடுத்து, சிமெண்டைத் தண்ணீரில் குழைத்துப் பால் மாதிரி ஆக்கி ஒரு பிரஷ்ஷால் அடித்து, அது காய்வதற்குள் இரண்டாம் பூச்சு. இதில்தான் முகம் வரும். கண்ணுக்கு நான் கோலிக்குண்டு வைத்தேன், பாதிக்கு மேல் சாந்துக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்ப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் தோண்டி எடுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் சாந்து கெட்டித்தயிர் பதத்துக்கு வரும். அப்போது ஒரு டீஸ்பூனின் நுனியைச் சாய்வாக அழுத்தி எடுங்கள், ஒரு இறகு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வயிற்றின் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஓடு வேய்வது போல மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூட வேண்டும். முதல் நாலு வரிசை கோணலாகத்தான் வரும், ஐந்தாவதில் கை பழகிவிடும். சரியாக வராததை வழித்துவிட்டு மறுபடி அழுத்தலாம். மறுநாள் காலையில் அது குளியல் சோப்பு பதத்தில் இருக்கும், பழைய ஆக்ஸா பிளேடால் செதுக்கலாம், சுரண்டலாம். அதற்கு மேல் உளிதான்.

பிறகு 14 நாள் ஈரம் காக்க வேண்டும். சாக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், காலையும் மாலையும் தண்ணீர். மூடுபனி இருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று தோன்றும். மாசி பங்குனிக் காற்று இங்கே எவ்வளவு வறட்சி என்பது உதடு வெடித்தவர்களுக்குத் தெரியும். இராக்குளிர் கடுமையாக இருந்தால் மாலைத் தண்ணீரை மதியமே ஊற்றிவிட்டு, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள்.

பெரிய உருவங்கள்

ஆந்தை ஒரு மழைக்காலம் தாண்டட்டும். பிறகு பெரியது. ஆள் உயரத்துக்குச் செங்கல் வைத்தால் எடை தாங்காது, கம்பிக்கூடு கட்டி உள்ளே வெற்றிடமாக விட வேண்டும். வலை போட்டு மெல்லிய சாந்துத் தோல் எழுப்பும் இந்த வித்தையைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் தோட்டக்காரர்தான். பிரான்சில் ஜோசப் மோனியே என்பவர் செடித்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பி வைத்து சிமெண்ட் தொட்டி செய்து 1867இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய கான்கிரீட் கட்டடங்களுக்கு அந்தப் பூந்தொட்டி ஒரு தாத்தா.

எடையை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் தோல், 3 செ.மீ. கனம் என்றால் சுமார் 65 கிலோ. ஆள் உருவத்துக்குத் தோல் இரண்டு சதுர மீட்டர் வரும், கம்பி சேர்த்தால் 140 கிலோ. இதை வேறெங்கோ செய்து தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், நிற்கிற இடத்திலேயே செய்ய வேண்டும்.

பீடத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி ஆழக் குழி, அதுவும் வெட்டு மண்ணில். சிமெண்ட், மணல், முக்கால் அங்குல ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. முக்கால் மூட்டை சிமெண்ட் பிடிக்கும். நாலடி உருவத்துக்கு இது சரி, ஆறடிக்கு மூன்றடிச் சதுரம் வேண்டும். காலுக்குள் போகிற 8 எம்எம் கம்பிகள் பீடத்திலேயே எல் வடிவில் மடங்கிப் புதைந்திருக்க வேண்டும். பிறகு ஒட்டவைத்தால் நிற்காது. குழியின் மேட்டுப் பக்கம் ஒரு சாண் வாய்க்கால் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். என் கொழுந்துக்காரிக்கு நான் செய்யாத வேலை இது.

உள்ளே மரம் வைக்காதீர்கள். அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஃபிரெட் ஸ்மித் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, ஓய்வுக்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட சிமெண்ட் உருவங்களைச் செய்தார், தன் மதுக்கடைப் பாட்டில்களையே உடைத்துப் பதித்து. பல உருவங்களுக்கு உள்ளே மரச்சட்டம். மரம் அவருக்குப் பழகிய பொருள், அதை எடுத்தார். 1977இல் ஒரு புயலடித்தபோது பெரும்பகுதி சேதமானது. மரம் மக்கும், அதிலும் நம் மலை ஈரத்தில் சீக்கிரம் மக்கும்.

கம்பியை மூடும் சாந்து எங்கேயும் முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சாந்தின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது, தோல் மெலிந்தால் அந்தக் காவல் போய்விடும். துரு இரும்பைவிடப் பருமன், உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். விரல்களும் மூக்கும் காது மடலும்தான் முதலில் போகும், அதனால் விரல்களை விரிக்காதீர்கள். கூடையைப் பிடித்த கை, மடியில் கட்டிய கை, போர்வைக்குள் மறைந்த கை என்று யோசியுங்கள். நம் ஊர்க் காவல் தெய்வச் சிலைகளில் அரிவாளைப் பிடித்த முஷ்டி எவ்வளவு கனமாக இருக்கும் என்று அடுத்த முறை கும்பிடும்போது கவனித்துப் பாருங்கள்.

தண்ணீர் நிற்கக்கூடிய ஒவ்வொரு குழியையும் தேடிப் பிடியுங்கள். மடி, உள்ளங்கை, தொப்பி விளிம்பு, மாட்டின் கொம்புக்கு நடுவில் உள்ள பள்ளம். எல்லாவற்றுக்கும் ஒரு சாய்வு கொடுங்கள். வெற்றிடமான உருவத்துக்கு அடிப்பாகத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஒன்று கட்டாயம், உள்ளே வியர்க்கிற தண்ணீர் வெளியேற வேண்டும்.

எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போங்கள். நீலகிரியின் பழங்காலக் கல்வட்டங்களிலிருந்து, அதாவது இறந்தவர்களுக்குக் கல் அடுக்கிய இடங்களிலிருந்து எடுத்த மண்பானைகள் அங்கே இருக்கின்றன. மூடிகளின் மேல் எருமையும் மற்ற விலங்குகளும் கையால் பிடித்த சின்னச் சின்ன உருவங்களாக உட்கார்ந்திருக்கும். இந்த மலையில் உருவம் பிடித்தவர்கள் நமக்கு வெகு காலம் முன்பே இருந்திருக்கிறார்கள், அளவெடுத்துச் செய்தது போலவும் தெரியாது.

நிறமும் கண்ணாடியும்

புதுச் சிமெண்ட் மேல் எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். காரத்தில் எண்ணெய்ச் சாயம் சோப்பாகி உரியும். நிறம் வேண்டும் என்றால் கடைசிப் பூச்சிலேயே ஆக்சைடு தூள் கலந்துவிடுங்கள், பழைய வீட்டுச் சிவப்புத் தரைக்குப் போட்ட அதே தூள்தான். சிமெண்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து போதும். காய்ந்தால் நிறம் வெளுக்கும் என்பதால் முதலில் ஒரு கைப்பிடி வில்லை தட்டிக் காயவைத்துப் பாருங்கள். நான் பெரும்பாலும் நிறமே போடுவதில்லை, ஓரிரண்டு மழைக்காலத்தில் பாசி வந்து தன் பச்சையைத் தானே பூசிவிடுகிறது. இடையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போகும்.

உடைந்த ஓடு, வளையல் துண்டு பதிக்க அழகாக இருக்கும். உடைக்கும்போது சாக்குக்குள் போட்டு உடையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஹெலன் மார்ட்டின்ஸ் ஆண்டுக்கணக்கில் கண்ணாடியைத் தூளாக்கிச் சுவரில் பூசியவர், கடைசிக் காலத்தில் பார்வை மங்கித் தவித்தார். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கண்ணாடி பதிக்கவே வேண்டாம். ராத்திரியில் இந்தப் பக்கம் நடக்கிறவர்கள் மனிதர்கள் மட்டும் இல்லை. கரடி வரும். காட்டெருமை வரும், அதற்கு முதுகு சொறிய எது கிடைத்தாலும் சரி. என் தபால்காரர் சிலையின் தொப்பி அப்படித்தான் போனது. அவை வழக்கமாக நடக்கும் தடத்தில் சிலை வைக்காமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தை மாதத் தட்டல்

மழை முடிந்து வெயில் வந்ததும் ஒரு சின்னச் சுத்தியலோடு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு உருவத்தையும் தோள், முதுகு, அடிப்பாகம் என்று மெதுவாகத் தட்டுங்கள். கல் மாதிரி கணீரென்றால் நல்லது. பொத் என்று கேட்டால் அங்கே தோல் உள்ளே விட்டுப் பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு, மாசி வந்ததும் அந்தப் பகுதியை உளியால் கொத்தி எடுத்து, வலையைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்துப் புதுச் சாந்து வைத்துவிடுங்கள். தலைமுடி கனத்து விரிசலுக்கு சிமெண்ட் பாலே போதும். பீடத்தின் மேட்டுப் பக்க வாய்க்காலில் சருகும் வண்டலும் சேர்ந்திருக்கும், அதை அன்றைக்கே வாரிவிடுங்கள்.

கொழுந்துக்காரியை நான் தூக்கவில்லை. விழுந்த இடத்திலேயே, தேயிலைக்கு நடுவில் பாசி பிடித்துக் கிடக்கிறாள். கூடைக்குள் ஒரு பெரணி முளைத்திருக்கிறது.